எழுபத்தெட்டு பெர்சன்டைலோடு எந்தக் கதவைத் தட்டுவது?

கேட் தேர்வில் நினைத்த எண் வரவில்லை. திட்டக்குடிப் பக்கத்திலிருந்து எம்.பி.ஏ. கனவோடு கிளம்பிய பிள்ளைகளுக்கு இனி என்ன வழி?

திட்டக்குடி, பெண்ணாடம், தொழுதூர் வட்டாரத்தில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பற்றிக் கேட்டால் தெருவுக்கு நாலு பேர் வழி சொல்வார்கள். வங்கித் தேர்வு, போலீஸ் தேர்வு எல்லாம் டீக்கடை வரைக்கும் தெரிந்த சங்கதிகள். இந்திய மேலாண்மை நிறுவனங்களான ஐ.ஐ.எம்.களின் நுழைவுத் தேர்வான கேட் அப்படியில்லை. அதை எழுதப் போகிறேன் என்று வீட்டில் விளக்கிச் சொல்வதற்கே ஒரு பிள்ளைக்கு அரைநாள் ஆகும். டிசம்பர் பின்பாதியில் முடிவு வந்து, செல்போன் திரையில் 78 என்று ஓர் எண் நிற்கும்போது, அதைப் படித்துப் பொருள் சொல்லப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்பா, "நூத்துக்கு எழுபத்தெட்டா? நல்ல மார்க்குதானேம்மா" என்பார். ஆன்லைன் கோச்சிங்கில் கூடப் படித்தவர்கள், "99 இல்லைன்னா மறந்துடு" என்பார்கள். இரண்டு பேச்சுகளும் தவறானவை, இரண்டுமே கெடுதல் செய்பவை. ஒன்று, பிள்ளை எதற்காக அழுகிறது என்பதே புரியாமல் போகச் செய்கிறது. மற்றது, திறந்திருக்கும் கதவுகளைப் பூட்டியதாகக் காட்டிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த எண். 2024 நவம்பர் 24 அன்று நடந்த கேட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 3.29 லட்சம் பேர், எழுதியவர்கள் 2.93 லட்சம் பேர். 78 பெர்சன்டைல் என்றால் அந்தக் கூட்டத்தில் 78 சதவீதம் பேர், அதாவது சுமார் 2 லட்சத்து 28 ஆயிரம் பேர், உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். சுமார் 64 ஆயிரம் பேர் முன்னால் நிற்கிறார்கள். ஐ.ஐ.எம்.கள் இருபதுக்கு மேல் வந்துவிட்டன என்றாலும், எல்லாவற்றின் எம்.பி.ஏ. இடங்களையும் கூட்டினால் சில ஆயிரம்தான் தேறும். ஆகவே அப்பா சொல்வதுபோல் இது வசதியான இடமில்லை. ஆனால் இரண்டேகால் லட்சம் பட்டதாரிகளை, அதில் பெருநகரத்துப் பிள்ளைகளும் பொறியியல் பட்டதாரிகளும் ஏராளம், தாண்டிய ஒருவரை எதற்கும் லாயக்கில்லாதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மொத்தம் 68 கேள்விகள், 204 மதிப்பெண். 99 பெர்சன்டைலைத் தொட்டவர்களே அதில் பாதிக்குக் குறைவாக எடுத்துத்தான் தொட்டார்கள். வினாத்தாள் அவ்வளவு கடினம். சரியான விடைக்கு 3 மதிப்பெண் கூடும், தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியில் தவறான விடைக்கு 1 குறையும். குருட்டாம்போக்கில் நாலைந்து கேள்விகளைத் தொட்டுத் தவறவிட்டவருக்கும், அதே கேள்விகளைத் தொடாமல் விட்டவருக்கும் இடையில் பல ஆயிரம் பேர் புகுந்துவிடுவார்கள். 78-க்கும் 90-க்கும் நடுவே இருப்பது அறிவு வித்தியாசம் என்று நினைக்கிற பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது ஏழெட்டுக் கேள்விகளின் வித்தியாசம்.

எந்த ஏழெட்டு என்பதுதான் அடுத்த விஷயம். தேர்வு இரண்டு மணி நேரம். ஆங்கில வாசிப்பு, தரவு விளக்கமும் தர்க்கமும், கணிதம் என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போனால் திரும்பி வர முடியாது. மதிப்பெண் அட்டையில் மொத்த எண்ணுக்குக் கீழே மூன்று பகுதிகளின் எண்களும் தனித்தனியாக இருக்கும். மொத்தத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அந்த மூன்றையும் சரியாகப் பார்க்காமல் விடுகிறவர்கள் அநேகம். பல ஐ.ஐ.எம்.கள் மொத்தத்துக்கு மட்டுமில்லாமல் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்-ஆஃப் வைத்திருக்கின்றன. ஆகவே மொத்தம் 78 என்ற இரண்டு பேரின் நிலைமை ஒன்றாக இருக்காது. மூன்றிலும் எழுபதுக்கு மேல் வைத்திருப்பவருக்கு இந்த வருடமே விண்ணப்பிக்கச் சில இடங்கள் இருக்கும். கணிதத்தில் 92, தர்க்கத்தில் 85, ஆங்கிலத்தில் 40 என்று வைத்திருப்பவருக்கு இந்த வருடம் கதவுகள் குறைவு. ஆனால் அடுத்த வருடம் பெரிதாக ஏறக்கூடியவர் இவர்தான். குறை ஒரே இடத்தில் இருக்கிறது, அந்த இடமும் தெரிகிறது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் விழுவது அநேகமாக அந்த ஆங்கிலப் பகுதியில்தான். கேட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. மருத்துவத்துக்கான நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வைக்கூடத் தமிழில் எழுதலாம். நாட்டின் மேலாண்மைக் கல்வி மட்டும் அந்த வசதியைத் தரவில்லை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, திட்டக்குடி அரசுக் கலைக் கல்லூரியிலோ விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசுக் கலைக் கல்லூரியிலோ பட்டம் முடித்த ஒரு பெண், தத்துவமும் சூழலியலும் கலை வரலாறும் பேசுகிற பத்திகளை 40 நிமிடத்தில் படித்து 24 கேள்விகளுக்கு முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நியாயம் வரும்வரை காத்திருக்கும் வயது அந்தப் பெண்ணுக்கு இல்லை. அதனால் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் கேட்கப்படுவது பெரிய சொல்வளம் கிடையாது. பழக்கமில்லாத பொருள் பற்றிய ஒரு கட்டுரையை நிதானம் இழக்காமல் படித்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று பிடிக்கும் பழக்கம்தான் வேண்டும். தினம் ஒரு மணி நேரம், ஆங்கில நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரைகளில் தொடங்கி ஒரு வருடம் விடாமல் படித்தால் அது வரும். மூன்று மாதத்தில் வராது. மூன்று மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கணிதம் அதைவிட எளிதில் பிடிபடும். சதவீதம், விகிதம், நேரமும் வேலையும், லாப நட்டம், சமன்பாடுகள் என்று பத்தாம் வகுப்புப் பாடத்தைச் சுற்றியே பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. பி.ஏ. முடித்த பிள்ளைகள் கணிதம் என்றதும் பயந்து விலகுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது.

நுழைவுத் தேர்வு எண்ணுக்கு அளவுக்கு மீறிய மரியாதை கொடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1950-களில் அமெரிக்காவில் வணிகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தபோது, ஒன்பது கல்லூரிகள் கூடி ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்று முடிவு செய்தன. 1954-ல் அந்தத் தேர்வு முதல்முறை நடந்தது. இன்றைய ஜிமேட் அதன் வாரிசு. முதல் வருடப் பாடங்களின் பாரத்தை இந்த மாணவர் தாங்குவாரா என்று முன்கூட்டிப் பார்ப்பதுதான் அதன் வேலை. அவர் நல்ல மேலாளர் ஆவாரா, கடை நடத்துவாரா, நூறு பேருக்குச் சம்பளம் கொடுப்பாரா என்று சொல்வதற்காக அது உருவாக்கப்படவே இல்லை. 2020-ல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியபோது, எம்.ஐ.டி. ஸ்லோன் போன்ற கல்லூரியே அந்த மதிப்பெண் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. மற்ற ஆவணங்களை வைத்தே ஆளை எடைபோட அவர்களால் முடிந்தது.

நம் ஐ.ஐ.எம்.களும் கேட் எண்ணை மட்டும் வைத்து யாரையும் சேர்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப் படிப்பு மதிப்பெண்கள், வேலை அனுபவம், நேர்முகத் தேர்வு எல்லாவற்றுக்கும் எடை உண்டு. எதற்கு எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், வருடத்துக்கு வருடம் மாறும். பல நிறுவனங்கள் பெண்களுக்கும், பொறியியல் அல்லாத பட்டம் படித்தவர்களுக்கும் கூடுதல் புள்ளி தருகின்றன. கோழிக்கோடு ஐ.ஐ.எம். சேர்க்கை முறையை மாற்றிய பிறகு, 2013-ல் சேர்ந்த அணியில் பெண்களே பாதிக்கு மேல், 54 சதவீதம். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பி.காம். படித்த பெண் ஒருவர், மொத்த எண் கொஞ்சம் குறைந்தது என்பதற்காக விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுவது பெரிய இழப்பு. ஒவ்வொரு நிறுவனத்தின் சேர்க்கைக் கொள்கையும் அதன் இணையதளத்தில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். அதைத் தாங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும். யாரோ தொகுத்த பட்டியலை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இங்கே ஒரு காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதம் கையில் இல்லாமல் இடம் இழந்தவர்கள், மதிப்பெண்ணால் இழந்தவர்களைவிட அதிகம் வருத்தப்பட்டிருப்பார்கள்.

மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 10 சதவீதம் இடங்கள் உண்டு. கட்-ஆஃப் பிரிவுக்குப் பிரிவு மாறும். பொதுப் பிரிவில் எங்கேயும் போக முடியாத ஓர் எண், வேறு பிரிவில் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பாக மாறலாம். ஆனால் தமிழ்நாட்டில் நாம் வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்தோர் பிரிவில், வரவில்லை என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகத்திலிருந்து வரும். அது அந்தந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய தேதி செல்லாமல் போகும்.

அந்தச் சான்றிதழுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அதைக் கேட்டதும், கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பங்களில் "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. பொது விதிப்படி, வேளாண் நிலத்திலிருந்து வரும் வருமானமும் சம்பளமும் அந்த 8 லட்சக் கணக்கில் சேராது. பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியின் நிலை, நில உச்சவரம்பு ஆகியவற்றுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. தாசில்தார் அலுவலகத்தில் இதைத் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். கேட் பதிவு ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும். பிரிவைக் குறிப்பிட்டுச் சான்றிதழை அப்போதே பதிவேற்ற வேண்டும். சான்றிதழ் கையில் இல்லையே என்று பொதுப் பிரிவு எனப் போட்டுவிட்டால் பதிவு முடிந்த பிறகு மாற்ற முடியாது. இந்த ஒரு தவறு ஒரு வருடத்தை விழுங்கிவிடும். ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள் என்று கல்லூரி ஆசிரியர்கள் இறுதியாண்டு மாணவர்களிடம் வகுப்பிலேயே சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றிய பயமும் பாதிப் பிள்ளைகளை விண்ணப்பத்துக்கு முன்பே திருப்பிவிடுகிறது. ஐ.ஐ.எம். கட்டணம் பல லட்சம், உண்மைதான். திட்டக்குடி சட்டமன்றத் தொகுதியே தனித்தொகுதி. பட்டியல் சாதிக் குடும்பங்கள் நிறைய வாழும் வட்டாரம். அந்த மாணவர்களுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் டாப் கிளாஸ் கல்வி உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, பட்டியலில் உள்ள ஐ.ஐ.எம். போன்ற நிறுவனத்தில் இடம் கிடைத்து, உதவிக்கும் தேர்வானால், கல்விக் கட்டணம் முழுவதையும் அரசே கட்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு, ஆகவே சேர்ந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்களுக்கு, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரமான நிறுவனங்களின் பட்டியலில் இருக்கும் கல்லூரிகளுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நிலப் பத்திரத்தை அடகு வைக்காமல் படிக்க முடியும் என்பது நம் வீடுகளில் இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, இந்த வருடம் எங்கும் அழைப்பு வரவில்லை. மறுபடி எழுதுவதா, கிடைத்ததில் சேர்வதா?

சரத்பாபு ஏழுமலையின் கதை சென்னையில் பலருக்குத் தெரியும். மடிப்பாக்கத்துக் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தும் இட்லி விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பிலானி பிட்ஸ் கல்லூரியில் வேதிப் பொறியியல் முடித்த சரத்பாபு, போலாரிஸ் மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். குடும்பக் கடனை அடைத்தார். கேட் எழுதினார், கிடைக்கவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் கதவு திறந்தது. அப்போது இருந்த ஆறு ஐ.ஐ.எம்.களிலிருந்தும் அழைப்பு வந்தது. அகமதாபாத்தைத் தேர்ந்தெடுத்துப் படித்து, 2006-ல் பட்டம் பெற்ற கையோடு பெரிய சம்பள வேலையை விட்டுவிட்டு ஃபுட்கிங் என்ற உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். அதைத் திறந்து வைத்தவர் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி.

அவருடைய வெற்றியைவிட, தோற்ற வருடங்களை அவர் எப்படிக் கழித்தார் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். அவர் வேலையில் இருந்தார். சம்பளம் வந்தது, கடன் குறைந்தது, அனுபவம் சேர்ந்தது, தேர்வும் பக்கத்தில் நடந்தது. முதல் முயற்சியில் எண் குறைந்துவிட்டால் இரண்டாம் முயற்சிக்கு ஒரு வருடம் வீட்டில் உட்காரலாம், குடும்பம் தாங்குமானால். மூன்றாவது முயற்சிக்கும் வீட்டிலேயே உட்காருவது தவறு என்பது என் உறுதியான கருத்து. நேர்முகத் தேர்வில் அந்த இரண்டு வருட இடைவெளியைத்தான் முதலில் கேட்பார்கள். வங்கியோ, நுண்கடன் நிறுவனமோ, தொழுதூர் நெடுஞ்சாலையில் ஒரு கிடங்கோ, எங்கேயாவது ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதுபவரின் விண்ணப்பம், அதே எண்ணிலும் கனமாக இருக்கும். கேட் எழுத முயற்சி வரம்பு கிடையாது. அவசரமும் கிடையாது.

மறுபடி எழுத மனமில்லாதவர்களுக்கு, தமிழ்நாட்டிலேயே நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட். 100 கேள்விகள், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். கேட்டுக்குப் படித்த படிப்பு இதற்கு நேரடியாகப் பயன்படும். கேட்டில் 78 வாங்கியவர் டான்செட்டில் நல்ல இடத்துக்கு வர எல்லா வாய்ப்பும் உண்டு. அதன் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கும். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி பல ஆண்டுகளாக அதை நடத்திவருகிறது. 69 சதவீத இடஒதுக்கீடு பொருந்தும். பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் கட்டணம் நடுத்தர விவசாயக் குடும்பம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். திருச்சியில் 1984-ல் தொடங்கிய பாரதிதாசன் மேலாண்மைக் கழகம், கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் மேலாண்மைப் பள்ளி என்று தொழில் நிறுவனங்கள் மதிக்கும் பெயர்களும் மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், விருத்தாசலம் வழியாகப் போனால் பக்கம்தான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் முதுநிலைத் தேர்வு. எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்தும் எக்ஸாட், தேசியத் தேர்வு முகமையின் சிமேட், வருடத்தில் பலமுறை நடக்கும் மேட் எல்லாம் தனி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கேட் முடிவு வந்த வாரத்திலேயே சில தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "உங்க ஸ்கோருக்கு டைரக்ட் அட்மிஷன் இருக்கு சார், சீட்டை பிளாக் பண்ணிடலாம், ஒரு லட்சம் மட்டும் போடுங்க." பிள்ளையின் வாட்டமான முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பனுக்கு அது ஆறுதலாகக் கேட்கும். அப்படிப் போடும் பணம் பெரும்பாலும் திரும்பாது. அதிலும், ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இல்லாத இடத்தின் டிப்ளமோவுக்கு ஆறேழு லட்சம் கொட்டிவிட்டு, பெண்ணாடத்துக்கே திரும்பிவந்து பத்தாயிரம் சம்பளத்துக்கு நிற்கும் நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. ஒரு கல்லூரியைப் பற்றி மூன்று விஷயம் கேட்டால் போதும். ஏ.ஐ.சி.டி.இ. பட்டியலில் இருக்கிறதா? போன வருடம் படித்து முடித்தவர்களில் சராசரி மாணவருக்கு என்ன சம்பளம், அதாவது உச்சபட்சச் சம்பளத்தைச் சொல்லாமல் நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு? அங்கே படித்த இரண்டு பழைய மாணவர்களிடம் நாமே பேச முடியுமா? இந்த மூன்றுக்கும் தயங்குகிற இடத்துக்கு நிலத்தை விற்றுப் பணம் கட்ட வேண்டாம். ஒரு வருடம் வேலைக்குப் போவது அதைவிட நூறு மடங்கு மேல்.

அழைப்பு வந்த பிள்ளைகளுக்கு இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். எண் குறைந்தவர் மேலே ஏறுவது நேர்முகத் தேர்வில்தான். அங்கே அநேகமாக முதல் சில கேள்விகளில் ஒன்று சொந்த ஊரைப் பற்றியதாக இருக்கும். திட்டக்குடி என்று சொன்னதும், "அது எங்கே இருக்கு, அங்கே என்ன விசேஷம்?" என்பார்கள். வைத்தியநாதசுவாமி கோயிலையும் வெள்ளாற்றையும் சொல்லிவிட்டு நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். ஊர் சின்னது என்ற கூச்சம்.

முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் விருத்தாசலம் இருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு அரசு பாலிடெக்னிக்கும் உள்ள ஊர். பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைத்த களிமண்தான் அந்தத் தொழிலுக்கு ஆதாரம். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், கொலு பொம்மை, அகல் விளக்கு என்று அங்கே சுட்டெடுத்த பொருள்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. வீட்டு மின்பலகையில் பீங்கான் ஃபியூஸ் போய் எம்.சி.பி. வந்தபோது அந்தச் சூளைகளுக்கு என்ன ஆயிற்று? கார்த்திகைக்கு விற்கும் அகல் விளக்குக்கு எத்தனை மாதம் முன்பே மண்ணும் கூலியும் எரிபொருளும் போட வேண்டும், அதுவரை பணம் எங்கிருந்து வருகிறது? சூளையில் உடைவது எவ்வளவு, அந்த நட்டத்தை விலையில் எப்படி ஏற்றுகிறார்கள்? இதையெல்லாம் இரண்டு நாள் அந்தப் பட்டறைகளில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு மாணவி, நடைமுறை மூலதனம், சரக்கிருப்பு, மாற்றுப் பொருளால் சந்தை இழப்பு என்ற மூன்று எம்.பி.ஏ. பாடங்களைத் தன் சொந்த வார்த்தையில் பேச முடியும். மாநகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்து 95 பெர்சன்டைல் வாங்கி வருபவரிடம் இந்தச் சரக்கு இருக்காது.

விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை இறக்கி, ஈரப்பதம் பார்த்து, ஏலம் முடிந்து, பணம் கணக்குக்கு வரும் வரை காத்திருக்கும் அப்பாக்களின் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! விலை எப்படி உருவாகிறது என்று ஒரு பேராசிரியருக்கு எடுத்துச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? தொழுதூர் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வாங்கி, சுமார் 24 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தர வேண்டிய வெலிங்டன் ஏரி, 1923 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கரைப் பிரச்சினையை எத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கரும்பு நிலுவைத் தொகைக்காக ஆலை வாசலில் உட்கார்ந்த விவசாயியின் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, வாங்குபவர் ஒருவரே என்றால் விற்பவர் கதி என்ன என்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இதை ஆங்கிலத்தில் நான்கு வாக்கியமாகச் சொல்லப் பழக வேண்டும். இலக்கணம் ஒன்றிரண்டு இடத்தில் தடுக்கினாலும் பரவாயில்லை. விஷயம் இருக்கிற பேச்சை எந்த நல்ல ஆசிரியரும் இடைமறிக்க மாட்டார்.

குறைந்த எண்ணைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்ல வேண்டும், சுருக்கமாக. உடம்பு சரியில்லை, கணினி கோளாறு, மையம் தூரம் என்று அடுக்கினால் எடுபடாது. "ஆங்கில வாசிப்பில் நான் பின்தங்கியிருக்கிறேன், அதற்காக இதைச் செய்துவருகிறேன்" என்று சொல்லி, செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கணிதம்தான் குறை என்றால், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் தளத்தில் புள்ளியியல், நிதிக் கணக்கியல் போன்ற பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம் கட்டித் தேர்வெழுதினால் சான்றிதழும் உண்டு. வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்களும் குறைந்த ஜிமேட் எண்ணை ஈடுகட்ட இப்படிப்பட்ட சான்றுகளைத்தான் கூடுதல் கட்டுரையில் வைக்கிறார்கள். அந்த வழியும் இங்கிருந்து போகிறவர்களுக்கு மூடியில்லை.

தொழுதூரிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் பெரம்பலூர், பாடாலூர், சமயபுரம் தாண்டித் திருச்சி. அங்கிருந்து புதுக்கோட்டைச் சாலையில் சூரியூர். 2011-ல் தொடங்கிய ஐ.ஐ.எம். அங்கேதான் இருக்கிறது. காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். திட்டக்குடி வட்டாரக் கல்லூரிகள் வருடத்துக்கு ஒரு முறை, இறுதியாண்டு மாணவர்களை ஒரு பேருந்தில் ஏற்றி அந்த வளாகத்தைக் காட்டிவிட்டு வர ஏற்பாடு செய்தால் நன்றாக இருக்கும். அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேரோடு ஒரு மணி நேரம் பேசவிட்டால் போதும்.

இப்போது கையில் 78 வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியதைக் கால வரிசையில் சொல்கிறேன். மதிப்பெண் அட்டையின் மூன்று பகுதி எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு, இன்னும் விண்ணப்பம் வாங்கும் நிறுவனங்களின் சேர்க்கைக் கொள்கையை இந்த வாரமே படியுங்கள். டான்செட் அறிவிப்பு ஜனவரியை ஒட்டி வரும், தேர்வு அநேகமாக மார்ச்சில். கியூட் முதுநிலைத் தேர்வும் அதே வாக்கில். இரண்டுக்கும் பணம் கட்டிவிடுங்கள். ஏப்ரலில் ஓ.பி.சி. சான்றிதழ். மே மாதத்துக்குள் எந்தக் கல்லூரியும் மனதுக்கு ஒப்பவில்லையென்றால் ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அடுத்த கேட் பதிவு தொடங்கும்.

அதுவரை தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் படித்துக்கொண்டிருங்கள். விருத்தாசலம் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், சூளை வேலை செய்கிற யாரிடமாவது, போன கார்த்திகைக்குப் போட்ட முதல் எப்போது கைக்கு வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.